கார்கசோனில் ஐந்து நாட்கள்

அக்டோபர் 8, செவ்வாய்

மகள் தெற்குப் பிரான்சில் உள்ள துலூஸில் படிக்கிறாள். அவளோடு ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன். போன வாரம், "அம்மா, அஞ்சு நாள் லீவு கிடைச்சிருக்கு, கார்கசோன் போயிட்டு வரலாம்" என்று சொல்லிச் செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். மலைமேல் ஒரு கோட்டை, அதில் கூம்புக் கூம்பாகக் கூரைகள். குழந்தைகளுக்கான கதைக்கு யாரோ வரைந்தது மாதிரி இருந்தது. நிஜமாகவே இப்படி ஒரு ஊர் இருக்குமா என்று கேட்டேன். "வந்து பாருங்க" என்றாள்.

ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நேர் எதிரே ஒரு கால்வாய், அதில் படகுகள். கோட்டை இருக்கும் சுவடே தெரியவில்லை. கார்கசோன் இரண்டு ஊர் என்பது அப்போதுதான் புரிந்தது. ஓத் ஆற்றுக்கு இந்தக் கரையில் கட்டம் போட்டது போல நேர்நேரான தெருக்களுடன் கீழ் ஊர் இருக்கிறது. அந்தக் கரையில் குன்றின்மேல் இருக்கும் பழைய நகரத்தைச் 'சித்தே' என்கிறார்கள். நாங்கள் அறை எடுத்திருந்தது இரண்டுக்கும் நடுவே, சித்தேயின் அடிவாரத்தில் உள்ள த்ரிவால் தெருவில்.

நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினோம். பாதி வழியில் என் பெட்டியின் சக்கரம் ஒன்று கல் பாவிய தெருவில் சிக்கி உடைந்துவிட்டது. அதோடு காற்று. நான் இதுவரை அனுபவித்த காற்றெல்லாம் விட்டு விட்டு வீசும். இது விடாமல் ஒரே பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. பாலத்தின் நடுவில் சேலைத் தலைப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பெட்டியைத் தூக்க முடியாமல் நின்றுவிட்டேன். எதிரே வந்த ஒரு பையன், இருபது வயது இருக்கும், கக்கத்தில் நீள ரொட்டி வைத்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. ரொட்டியை மகள் கையில் கொடுத்தான், பெட்டியைத் தோளில் வைத்தான், வந்த வழியே திரும்பி எங்கள் வீட்டு வாசல் வரை நடந்தான். ரொட்டியை வாங்கிக்கொண்டு, "நல்ல மாலையாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த ரொட்டியில் பாதியாவது எங்களுக்குக் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்போம், அவ்வளவு வாசனை.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். காற்றைப் பற்றித்தான் முதலில் பேசினார். அதற்குச் 'செர்ஸ்' என்று பெயராம். வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் இந்தப் பக்கம் வந்திருந்தபோது இந்தக் காற்றுக்கு ஒரு கோயிலே கட்டினாராம். எங்கள் ஊரில் ஆடிக் காற்று அம்மியைத் தூக்கும் என்று சொல்லுவார்கள் என்று மகளை மொழிபெயர்க்கச் சொன்னேன். அம்மி என்றால் என்னவென்று சைகையில் அரைத்துக் காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் பழைய பாலத்துக்குத் திரும்பப் போனோம். 14-ஆம் நூற்றாண்டுப் பாலம், இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். அங்கே நின்று நிமிர்ந்து பார்த்தால் மொத்தக் கோட்டையும் மஞ்சள் வெளிச்சத்தில் மிதக்கிறது. 52 கோபுரங்கள், இரண்டு சுற்று மதில், எல்லாம் சேர்த்து 3 கிலோமீட்டர் சுவர். எண்ணிக்கையெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் இரண்டு பேரும் பேசவே இல்லை.

அக்டோபர் 9, புதன்

காலையில் ரொட்டிக் கடையில் ஒரு பாடம். கண்ணாடிக்குள் இருந்ததைக் காட்டி, கற்றுவைத்திருந்த பிரெஞ்சில் விலை கேட்டேன். கடைக்காரப் பெண் பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து, "போன்ஜூர்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினாள். நானும் "போன்ஜூர்" சொன்னேன். உடனே முகம் மலர்ந்து விலையும் சொன்னாள், எது இன்றைக்குச் சுட்டது என்றும் சொன்னாள். வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது, பேருந்து ஓட்டுநரிடம்கூட. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு கிரோசான், இரண்டு காபி, மொத்தம் 6 யூரோ.

சித்தேக்குள் நுழையக் கட்டணம் இல்லை. இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது, உள்ளே இன்னமும் சில குடும்பங்கள் வாழ்கின்றன. கிழக்கே நார்போன் வாசல்தான் தலைவாசல். அதன் முன்னால் கல்லில் ஒரு பெண்ணின் முகம், வட்ட முகம், லேசான சிரிப்பு. இவர்தான் கார்கா சீமாட்டி. பேரரசர் சார்லமேன் படையோடு வந்து ஐந்து வருடம் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தாராம். உள்ளே தானியம் தீர்ந்துபோனது. மிச்சமிருந்த கோதுமை முழுவதையும் ஒரு பன்றிக்கு ஊட்டி, அதை மதிலுக்கு மேலிருந்து வீசச் சொன்னார் கார்கா. கீழே விழுந்து வயிறு வெடித்த பன்றியிலிருந்து கோதுமை கொட்டியதைப் பார்த்து, பன்றிக்கே கோதுமை போடும் அளவுக்கு இருப்பு இருக்கிறது என்று நினைத்து சார்லமேன் முற்றுகையை விலக்கிக்கொண்டார். வெற்றி மணி அடித்ததால் 'கார்கா ஒலிக்கிறாள்', அதாவது கார்கா சோன் என்று பெயர் வந்ததாம். இது கதை. ரோமர் காலத்திலேயே ஊருக்குக் கார்காசோ என்றுதான் பெயர். ஆனாலும் எனக்கு அந்தப் பெண்ணை விட மனமில்லை. வாசலில் இருப்பது நகல், அசல் சிலை உள்ளே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றதும் அதையும் போய்ப் பார்த்தேன். மூக்கும் முகமும் தேய்ந்துபோய், பாவமாக இருந்தது.

அரண்மனைக்கும் அதை ஒட்டிய மதிலுக்கும்தான் சீட்டு. மகளிடம் இங்கே குடியிருப்பு அட்டை இருக்கிறது, இருபத்தாறு வயதும் ஆகவில்லை. அதனால் அவளுக்கு இலவசம். எனக்கு மட்டும் சீட்டு வாங்கினோம்.

மதிலில் ஏறும் முன் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். சுவரின் வயதைச் சுவரிலேயே படிக்கலாம். கீழே சின்னச் சின்னக் கற்கள், நடுநடுவே செங்கல் வரிசை பட்டையாக ஓடினால் அது ரோமர் காலத்துச் சுவர், 1,600 வருடத்துக்கு மேல் பழையது. அந்தக் கோபுரங்கள் வெளிப்பக்கம் வளைந்தும் உட்பக்கம் தட்டையாகவும் லாடம் போல இருக்கும். அதற்கு மேல் 13-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர்கள் கட்டியது. கல்லின் நடுப்பாகம் புடைத்துக்கொண்டு நின்றால் அது மூன்றாம் பிலிப் காலம். ஒரே சுவரில் பாட்டி, அம்மா, மகள் மூவரும் நிற்பது போல. அரை மணி நேரம் சுவரையே தடவிக்கொண்டு நின்றேன். என் மகள் பொறுமையாக நின்றாள்.

கூரைகள்தான் பெரிய சர்ச்சை. 1659-ல் ஸ்பெயினோடு போட்ட ஒப்பந்தத்தில் எல்லை தெற்கே பைரனீஸ் மலைக்குப் போய்விட்டது. எல்லைக் கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சிதைந்து, கல்லைப் பெயர்த்து விற்கும் நிலைக்கு வந்து, 1849-ல் இடித்துவிட முடிவும் எடுத்துவிட்டார்கள். ழான்-பியேர் க்ரோ-மெரெவியேய் என்ற உள்ளூர்க்காரர் விடாமல் போராடினார். பழஞ்சின்னங்களுக்கான அரசு ஆய்வாளர் ப்ரோஸ்பர் மெரிமேயும் சேர்ந்துகொண்டார். முடிவு ரத்தாயிற்று. 1853-லிருந்து வியொலே-லெ-தூக் என்ற கட்டடக் கலைஞர் பழுதுபார்க்க ஆரம்பித்து, 1879-ல் சாகும்வரை செய்தார். அவர்தான் கோபுரங்களுக்குக் கூர்மையான பலகைக்கல் (ஸ்லேட்) ஓட்டுக் கூரை வைத்தவர். இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் சரிவு குறைந்த சிவப்பு ஓடுதான். வடக்கத்திக் கூரையைத் தெற்கத்தி ஊரின் தலையில் வைத்துவிட்டார் என்று அப்போதே திட்டினார்கள். இங்கே கட்டட வேலையில் பலகைக்கல் ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன, கட்டியவர்கள் வடக்கத்தி அரசரின் ஆட்கள்தானே என்பது அவர் பக்கத்து நியாயம். பின்னால் வந்தவர்கள் மேற்குப் பக்கத்து ரோமக் கோபுரங்கள் சிலவற்றுக்குச் சிவப்பு ஓட்டைத் திரும்ப வைத்தார்கள். மதில்மேல் நின்று பார்த்தால் இரண்டும் தெரிகிறது.

மகளின் நண்பர்கள் சிலர், "அது நிஜக் கோட்டை இல்லை, 19-ஆம் நூற்றாண்டில் செய்த பொம்மை" என்று சொல்லி அனுப்பினார்களாம். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. பழைய சேலையில் கிழிசலைத் தைத்தால் சேலை பொய்யாகிவிடுமா? தையல்காரர் வேறு நிறத்து நூல் போட்டுவிட்டார் என்று வேண்டுமானால் சண்டை போடலாம்.

அரண்மனை, இந்த ஊரை ஆண்ட த்ரான்கவெல் குடும்பத்தார் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. முற்றத்தில் உட்கார்ந்துதான் மகள் 1209-ஐச் சொன்னாள். இந்தப் பகுதியில் காத்தார்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இருந்தார்கள். போப்பாண்டவர் அவர்கள்மேல் சிலுவைப் போர் அறிவித்தார். ஜூலையில் பெசியே நகரத்தில் கண்டவரையெல்லாம் வெட்டிய படை, ஆகஸ்டில் இங்கே வந்தது. சுற்றுவட்டாரத்து மக்கள் எல்லாரும் மதிலுக்குள் அடைக்கலம். கோடை வெயிலில் தண்ணீர் தீர்ந்தது. 24 வயது ரேமோன்-ரொஜே த்ரான்கவெல் பேச்சுவார்த்தைக்கு வெளியே போனார், திரும்பவில்லை. பிடித்துவைத்துக்கொண்டார்கள். ஊர் மக்களைக் கொல்லாமல் விட்டார்கள், ஆனால் ஒரு நிபந்தனை. கையில் ஒன்றும் எடுக்கக் கூடாது, மேலே ஒரு சட்டையோடு ஊரைவிட்டு வெளியேற வேண்டும். நவம்பர் 10-ஆம் தேதி த்ரான்கவெல் அவருடைய சொந்தக் கோட்டைச் சிறையிலேயே செத்துப்போனார். இடம் சிலுவைப் படைத் தலைவர் சிமோன் த மோன்ஃபோருக்குப் போயிற்று.

காத்தார்களுக்கு அந்தக் காலத்தில் இன்னொரு பெயர் இருந்ததாம், 'நெசவாளர்கள்'. அந்தத் தொழில் செய்தவர்களிடம் அந்த நம்பிக்கை அதிகம் பரவியிருந்ததால். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் அப்பா சென்னிமலையில் தறி நெய்தவர்.

உள்ளே சாப்பாட்டு விலை கட்டுப்படியாகவில்லை. ஒரு தண்ணீர் பாட்டில் 4 யூரோ. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக மரக் கத்தி வாங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கிணற்றடியில் உட்கார்ந்து, காலையில் வாங்கிய ரொட்டியைச் சாப்பிட்டோம்.

அக்டோபர் 10, வியாழன்

காற்று திசை மாறிவிட்டது. இப்போது கடலிலிருந்து வரும் 'மரேன்', ஈரக் காற்று. வீட்டுக்கார அம்மா ஜன்னலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "பத்து மணிக்கு மழை" என்றார். ஒன்பதே முக்காலுக்கு வந்துவிட்டது.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கீழ் ஊரில் கார்னோ சதுக்கத்தில் சந்தை. மழையிலும் போட்டிருந்தார்கள். நடுவில் நெப்டியூன் சிலையுடன் நீரூற்று, சுற்றிலும் குடைகளுக்குக் கீழே கூடைகள். பிறை போல வளைந்த பச்சை ஆலிவ்காய் ஒன்று, பெயர் லூக்கே, இந்தப் பகுதிக்கே உரியது. கசப்பே இல்லை, வெண்ணெய் மாதிரி கரைகிறது. கால் கிலோ 5 யூரோ. காட்டுக் காளான்களை மண்ணோடு குவித்திருந்தார்கள். கடைசி அத்திப்பழங்கள். ஒரு விவசாயி வெள்ளை பீன்ஸ் மூட்டையைத் திறந்து வைத்திருந்தார். காஸ்தெல்நோதாரிப் பக்கம் விளைந்தது, நீள நீளமாகப் பளபளவென்று. ஒரு கிலோ வாங்கினேன், 9 யூரோ. எப்படிச் சமைப்பீர்கள் என்று அவர் கேட்டார். புளி, கொத்தமல்லி விதை, வரமிளகாய் வறுத்து அரைத்துக் குழம்பு என்றேன். மகள் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர், "கொத்தமல்லி விதையையா வறுப்பீர்கள்?" என்று அதை மட்டும் இரண்டு முறை உறுதி செய்துகொண்டார். இந்தத் தெற்கத்திக்காரர்கள் பேச்சு துலூஸ்காரர்கள் மாதிரியே சொல்லின் கடைசி எழுத்தையும் விடாமல் இழுத்து உச்சரிக்கிறார்கள். ரொட்டியை 'பெங்' என்கிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கிறது.

மழைக்கு ஒதுங்கிய கடையில்தான் இந்தப் பயணத்தின் பெரிய ஆச்சரியம். கடை முழுக்க ஒரே நீலம். துண்டு, சட்டை, சோப்பு எல்லாம். 'பஸ்தெல்' என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கும் சாயம். துலூஸுக்கும் கார்கசோனுக்கும் நடுவில் உள்ள லோராகே சமவெளியில் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் இதுதான் பொன் விளைச்சல். இலையை அரைத்து, உருண்டை பிடித்துக் காயவைப்பார்கள். அந்த உருண்டைக்குக் 'கொக்காஞ்' என்று பெயர். அதனால் செழிப்பான பூமியைக் 'கொக்காஞ் நாடு' என்று சொல்லும் வழக்கமே வந்ததாம்.

கடைக்காரப் பெண் ஒரு சின்னத் தொட்டியில் துணியை முக்கி எடுத்துக் காட்டினாள். வெளியே வரும்போது பச்சை கலந்த மஞ்சள். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே ஓரத்திலிருந்து நீலமாகிறது. நான் சத்தமாகவே "அவுரி!" என்று சொல்லிவிட்டேன். தாத்தா காலத்தில் வீட்டுக்குப் பின்னால் அவுரித் தொட்டி இருந்ததைப் பற்றி அப்பா இப்படித்தான் சொல்லுவார். துணி மஞ்சளாக எழும், மூச்சு விட்டதும் நீலமாகும் என்பார். நாற்றம் தெருமுனை வரை வருமாம்.

சரி, இந்தச் சாயத் தொழில் ஏன் அழிந்தது என்று கேட்டேன். அந்தப் பெண் மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அவுரி. அதில் நீலம் பல மடங்கு அடர்த்தி. இங்குள்ளவர்களைக் காப்பாற்ற 1609-ல் நான்காம் ஹென்றி அரசர் அவுரிக்குத் தடை போட்டார், அப்படியும் நிற்கவில்லை. எங்கோ நம்மவர் விளைவித்த செடி இங்கே ஒரு சமவெளியின் பிழைப்பை எடுத்திருக்கிறது, அங்கே விளைவித்தவர்களும் அதனால் வாழ்ந்துவிடவில்லை. இரண்டையும் ஒருசேர நினைத்துக்கொண்டு அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றேன். ஒரு கழுத்துத் துண்டு 38 யூரோ. மகளுக்கு வாங்கினேன். எனக்கு வேண்டாம், எனக்குப் பார்த்ததே போதும்.

இதில் நேரம் போனது தெரியவில்லை. சாப்பிடப் போனபோது மணி இரண்டு பத்து. ஒவ்வொரு உணவகத்திலும் மரியாதையாக ஒரே பதில், சமையலறை மூடிவிட்டது, ஏழு மணிக்கு வாருங்கள். மூன்று இடம் ஏறி இறங்கினோம். மழை, பசி, கல் தெரு. கடைசியில் அறைக்குப் போய் ஆலிவ்காயும் பாலாடைக்கட்டியும் தின்றோம்.

ராத்திரி கசூலே. வெள்ளை பீன்ஸ், வாத்துக் கால், பன்றி இறைச்சித் துண்டுகள், துலூஸ் சாசேஜ் எல்லாம் மண் சட்டியில் மணிக்கணக்கில் அடுப்பில் வேகிறது. அந்தச் சட்டிக்குக் கசோல் என்று பெயர், அதிலிருந்துதான் உணவுக்குப் பெயர். கார்கசோன்காரர்கள் காலம் வாய்த்தால் கவுதாரியும் போடுவார்களாம். இந்த ஊரில் பிறந்த சமையற்கலைஞர் ப்ரோஸ்பர் மொந்தாஞே சொல்லிவைத்தது இங்கே எல்லார் வாயிலும் இருக்கிறது: கசூலேயில் பிதா காஸ்தெல்நோதாரி, சுதன் கார்கசோன், பரிசுத்த ஆவி துலூஸ். மேலே படியும் ஆடையை உடைத்து உடைத்து உள்ளே அமுக்குவதுதான் பக்குவம். சட்டி மேசைக்கு வந்தபோது ஓரமெல்லாம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. வாத்து எலும்பைவிட்டுத் தானே கழன்றது. காரம் என்பது துளியும் இல்லை, ஆனால் பீன்ஸ் அத்தனை இறைச்சியையும் குடித்துவிட்டு முழுசாக நிற்கிறதே, அந்தப் பக்குவம் லேசில் வராது. ஒரு சட்டி 23 யூரோ. ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்டதும் முகம் சுளிக்காமல் இரண்டு தட்டு கொண்டுவந்தார்கள். குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசம், கேட்டால் போதும்.

அக்டோபர் 11, வெள்ளி

வீட்டுக்கார அம்மா நேற்று இரவு ஒரு விஷயம் சொன்னார்: "விடியும்போது லீஸுக்குப் போங்கள். பத்து மணிக்கு மேல் போகாதீர்கள்."

இரண்டு மதில்களுக்கும் நடுவே உள்ள வெட்டவெளிக்குத்தான் 'லீஸ்' என்று பெயர். ஏழரை மணிக்கு ஓத் வாசல் வழியாக ஏறினோம். மழை கழுவிவிட்ட கல். ஒரு பக்கம் உள்மதில் ஆகாயம் வரை, மறுபக்கம் வெளிமதில், நடுவில் பசும்புல். ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு பூனை மட்டும் எங்களோடு ஒரு கோபுரம் வரை வந்தது. தெற்கே மேகம் விலகி, தூரத்தில் பைரனீஸ் மலை வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

இந்தப் புல்வெளி எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அதன் கதை அப்போது எனக்குத் தெரியாது.

அப்புறம் செய்ன்ட் நசேர் பேராலயம். முன்பாதி கனத்த தூண்கள், இருட்டு. பலிபீடப் பக்கம் போனதும் சுவரே இல்லாமல் கண்ணாடி மட்டும் நிற்பது போல ஒரே வெளிச்சம். வண்ணக் கண்ணாடிகள் 13, 14-ஆம் நூற்றாண்டுகளுடையவை. வெயில் வந்து வந்து போனதால் தரையில் நீலமும் சிவப்பும் எழுந்து எழுந்து அணைந்தன. நாலு ஆண்கள் ஓர் ஓரத்தில் நின்று, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடினார்கள். அடிக்குரல் கல்லுக்குள் இறங்குவது காலில் தெரிந்தது. கூட்டம் கைதட்டவில்லை, அது சரியாகவும் இருந்தது. சுவரில் ஒரு முற்றுகைக் காட்சி செதுக்கிய கல் இருக்கிறது. 1218-ல் துலூஸ் முற்றுகையில் சிமோன் த மோன்ஃபோர் கல்லடிபட்டு இறந்ததைக் காட்டுவதாகச் சொல்கிறார்கள். அந்தக் கல்லெறி பொறியை இயக்கியவர்கள் துலூஸ் பெண்கள் என்பது இந்தப் பக்கத்து மக்கள் இன்றும் ஆசையாகச் சொல்லும் சேதி.

அங்கிருந்து நடந்தபோது மகள் இன்னொருவரைப் பற்றிச் சொன்னாள். பெர்னார் தெலிசியூ, பிரான்சிஸ்கன் துறவி. மாற்று நம்பிக்கைக்காரர்களைத் தண்டிக்கும் திருச்சபை விசாரணை மன்றம் இந்த ஊரில் ஆட்களைப் பிடித்து அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியவர். 1303-ல் மக்கள் திரண்டு சிறையில் இருந்தவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். கடைசியில் 1320-ல் அவரும் இதே ஊர்ச் சிறையில் இறந்துபோனார். கோட்டைக் கடைகளில் வாள், கேடயம், வீரர்கள் படம் எல்லாம் கிடைக்கிறது. இவர் படம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மா தேநீருக்கு அழைத்தார். லீஸ் எப்படி இருந்தது என்றார். புல்வெளியும் அமைதியும் ரொம்பப் பிடித்தது என்றேன். அவர் எழுந்து போய் ஒரு பழைய படத்தின் நகலை எடுத்துவந்தார். மதிலோடு ஒட்டிச் சாய்ந்த குட்டி வீடுகள். கோணல் கதவு, காய்கிற துணி. அதே லீஸ்.

ஏழைகள், பெரும்பாலும் நெசவாளர்கள், மதிலையே பின்சுவராக வைத்து அங்கே வீடு கட்டித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். கோட்டையைப் பழுதுபார்க்கத் தொடங்கியதும் அந்த வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். மதில் முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அவருடைய பாட்டியின் அம்மா அங்கே பிறந்தவராம். பிறகு அடிவாரத்துக்கு, இதே த்ரிவால் தெருவுக்குக் குடிவந்தார்கள்.

எனக்கு நேற்றும் முந்தாநாளும் கேட்டதெல்லாம் ஒன்றாக வந்து நின்றது. 1209-ல் சட்டையோடு வெளியே அனுப்பினார்கள். 1240-ல் த்ரான்கவெலின் மகன் ஊரை மீட்க வந்து தோற்றான். அவனுக்கு உதவினார்கள் என்று மதிலை ஒட்டியிருந்த குடியிருப்புகளை இடித்து மக்களைத் துரத்தினார்கள், சில வருடம் கழித்துத்தான் அரசர் ஒன்பதாம் லூயி ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொள்ள அனுமதித்தார். நாங்கள் சந்தைக்குப் போன கீழ் ஊர் அப்படி 1247-ல் வந்தது. அதையும் 1355-ல் இங்கிலாந்து இளவரசரின் படை எரித்தது. 19-ஆம் நூற்றாண்டில் மறுபடியும் லீஸ். இந்தச் சுவரிலிருந்து மூன்று முறை மனிதர்களை வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

"கோபம் இல்லையா?" என்று கேட்கச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்த வீடுகளில் ஈரம், வெளிச்சம் கிடையாது, குழந்தைகள் இருமிக்கொண்டே இருப்பார்கள் என்று பாட்டி சொல்லுவாள். ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை" என்றார். பிறகு என் சேலையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். கைத்தறியா என்று கேட்டார். ஆமாம் என்றதும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழை இழையாகத் தடவினார். நெசவுக்காரர் வீட்டில் வளர்ந்தவர்கள் துணியைத் தொடும் விதமே தனி.

அக்டோபர் 12, சனி

காலையில் மறுபடியும் லீஸுக்கு நான் மட்டும் போய் வந்தேன். மகளை எழுப்பவில்லை.

மதியம் கிளம்பும் வரை கால்வாய்க் கரை. கனால் து மிதி, துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் வரை 240 கிலோமீட்டர். உப்பு வரி வசூலித்துவந்த பியேர்-போல் ரிக்கே என்பவர் 1666-ல் ஆரம்பித்தது. வடக்கே கருமலையிலிருந்து ஓடைகளைத் திருப்பி அணை கட்டித் தண்ணீர் சேர்த்தார். 1681-ல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை, சில மாதங்களுக்கு முன்னால் போய்விட்டார். பணம் தர மாட்டோம் என்று கார்கசோன்காரர்கள் மறுத்ததால் கால்வாய் ஊரை விட்டு ஒதுங்கிப் போயிற்று. அப்புறம் வருந்தி, செலவு செய்து, 1810-ல்தான் ஊருக்குள் கொண்டுவந்தார்கள்.

மடை திறப்பதைப் பார்த்தோம். படகு உள்ளே வந்ததும் கதவு மூடி, தண்ணீர் நிரம்ப நிரம்பப் படகு மெல்ல நம் கால்மட்டத்துக்கு எழும்புகிறது. படகிலிருந்த வயதான தம்பதி எனக்கு ஒரு கயிற்றைப் பிடிக்கக் கொடுத்தார்கள்.

கரையில் மரங்கள் பல இடத்தில் இல்லை. 42,000 பிளேன் மரங்கள் நிழல் தந்த கால்வாய் இது. ஒரு பூஞ்சைநோய் வந்து, 2006-லிருந்து ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிலிருந்து வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரத்தோடு வந்த நோய் என்கிறார்கள். புதிதாக வேறு வகைக் கன்றுகள் நட்டு, முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நிழலுக்கு இன்னும் முப்பது வருடம் ஆகும்.

இரண்டு மணி ரயில் ரத்து. பலகையில் அறிவிப்பு வந்து மறைந்ததே தவிர, எங்கே போவது என்று சொல்ல ஆளில்லை. ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு பேருந்து வந்தது. வரிசையில் எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு இருந்தவள், தன் பெட்டியை நகர்த்தி அதன்மேல் என்னை உட்காரச் சொன்னாள். நெடுஞ்சாலை ஏறியதும் கோட்டை முழுதாக ஒரு முறை தெரிந்தது.

உடைந்த சக்கரப் பெட்டியோடு ஏழு மணிக்கு அறைக்கு வந்தோம். மகள் நீலத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே தூங்கிவிட்டாள். பீன்ஸைக் கழுவி ஊறப்போட்டிருக்கிறேன். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும், தண்ணீரை ஒரு முறை மாற்ற வேண்டும் என்று அந்த விவசாயி சொல்லியிருக்கிறார். புளி மகளிடம் இருக்கிறது. வரமிளகாய் நான் ஊரிலிருந்து கொண்டுவந்ததில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.